கேஸ் கட்டு படிக்க எந்த டேப்லெட், கையெழுத்துக்கு எந்த வழி? ராமநாதபுரத்திலிருந்து ஓர் ஒப்பீடு

நான் வக்கீல். என் ஜூனியர் இந்த மாதம் டேப்லெட் வாங்கப் போகிறார். "எது வாங்கட்டும் மேடம்?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் அலுவலகம், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கட்சிக்காரர்கள், மாதத்தில் நாலைந்து நாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் பஸ் பயணம் என்று ஓடுகிற எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துகிற கருவி வேறு. ஏசி அறையை விட்டு வெளியே வராமல் ஒப்பந்தம் திருத்துகிறவருக்குப் பொருந்துகிற கருவி வேறு.

ஆறு வருடமாக நான் கட்டுகளை டேப்லெட்டில் ஏற்றித்தான் படிக்கிறேன். முதலில் ஐபேட், அப்புறம் சாம்சங். நடுவில் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, அச்சுத் தாள் போலவே தெரியும் திரை கொண்ட இ-இங்க் கருவியை இரண்டு மாதம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். விண்டோஸ் டேப்லெட் என்னிடம் இல்லை. சக வக்கீல் ஒருவர் வைத்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் அனுபவம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். படித்துக் குறிப்பெழுதுவது ஒரு வேலை. கையெழுத்துப் போடுவது முற்றிலும் வேறு வேலை. கடைக்காரர் ஒரே பேனாவால் இரண்டையும் செய்து காட்டுவார். பிடிஎஃப்பைத் திறப்பார், மஞ்சள் கோடு போடுவார், கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கி, "பாருங்க, பேப்பரே வேண்டாம்" என்பார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி வாங்கியவர்கள் பிறகு வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பதற்கு

ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். மூலைக்கு மூலை அளந்தால் பதினான்கு அங்குலத்துக்கும் மேல். பதினோரு அங்குலத் திரையில் அது முழுதாகத் தெரியாது, சுருங்கித்தான் தெரியும். எவ்வளவு சுருங்கும் என்பதைத் திரையின் அங்குலத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, திரையின் வடிவமும் முக்கியம். 10.9 அங்குல ஐபேடும் 10.9 அங்குல சாம்சங்கும் விளம்பரத்தில் ஒரே அளவு. ஆனால் சாம்சங் திரை ஒல்லியாக நீண்டிருக்கும், சினிமா பார்க்க ஏற்ற வடிவம் அது. செங்குத்தாகப் பிடித்தால் ஏ4 பக்கம் ஐபேடில் முக்கால் பங்காகவும், சாம்சங்கில் எழுபது சதவீதமாகவும் தெரியும். பன்னிரண்டு புள்ளியில் அடித்த எழுத்து ஒன்றில் ஒன்பது புள்ளி, மற்றதில் எட்டே சொச்சம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தச் சொச்சம் பெரிய விஷயம்.

12.4 அங்குல சாம்சங்குக்குப் போனாலும் எண்பது சதவீதத்தைத் தொடாது. 13 அங்குல ஐபேடில் தொண்ணூற்றை நெருங்கும். அங்குதான் ஒரு பக்கத்தைப் பெரிதாக்காமல், நகர்த்தாமல், தாளைப் பார்ப்பது போலவே பார்க்க முடிகிறது. பழைய லீகல் சைஸ் தாளில் அடித்த கட்டு என்றால் எல்லாவற்றிலும் இன்னும் சுருங்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மண்டபம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வழக்கு. ஐம்பதுகளில் எழுதிய கிரயப் பத்திரம், அதற்குப் பின் இரண்டு பத்திரங்கள், எல்லாம் கையால் எழுதியவை. பத்திர எழுத்தரின் எழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வரிக்கு வரி இடைவெளியே இல்லாமல் ஓடும். செக்குபந்தியை, அதாவது நான்கெல்லையை, நீலத்தில், சர்வே எண்ணைச் சிவப்பில், விஸ்தீரணம் என்கிற பரப்பளவைப் பச்சையில் என்று மூன்றிலும் ஒரே மாதிரி குறித்துக்கொண்டு போனேன். அப்புறம் திரையை இரண்டாகப் பிரித்து முதல் பத்திரத்தையும் மூன்றாவதையும் அருகருகே வைத்தேன். முதலாவதில் "கிழக்கே சமுத்திரக்கரை". மூன்றாவதில் "கிழக்கே சர்க்கார் புறம்போக்கு". நீலக் கோடு இரண்டும் எதிரெதிரே நின்றன. இடையில் இருந்த நிலம் எங்கே போனது என்பதுதான் மொத்த வழக்கும். காகிதக் கட்டில் இதே வேலையை மேசை முழுக்கப் பரப்பிச் செய்திருக்கலாம்தான். ஆனால் நான் அதைச் செய்தது பார்த்திபனூருக்கும் பரமக்குடிக்கும் நடுவே, பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு.

அந்த மூன்று பத்திரத்திலும் தேடல் வசதி ஒரு எழுத்தைக்கூடக் கண்டுபிடிக்காது. ஸ்கேன் செய்தது வெறும் படம். சரி, தட்டச்சு செய்ததையாவது தேடலாமா என்றால், அங்கே இன்னொரு சிக்கல். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. இருந்தும் நம் டைப்பிங் சென்டர்களில் வானவில், பாமினி எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கோப்பில் "கிரயம்" என்று தேடினால் ஒன்றும் வராது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கருவிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. எனவே தமிழ்க் கட்டு படிக்கிறவருக்குத் தேடலைவிடப் பேனாவும் புக்மார்க்கும்தான் துணை. சொல்லைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து மஞ்சள் அடிக்கிற வசதியும் படத்தின் மேல் வேலை செய்யாது. கையால் இழுத்தால் தானாக நேராகிக்கொள்ளும் ஹைலைட்டர் அந்த ஆப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஐபேடின் பலம் திரை வடிவமும் ஆப்களும். கோப்புக்குள்ளேயே பேனாவை வைத்து எழுதும் மார்க்கப் வசதி காசில்லாமல் வருகிறது. லிக்விட்டெக்ஸ்ட் என்றோர் ஆப் உண்டு. பல ஆவணங்களிலிருந்து வரிகளை இழுத்து ஒரே பலகையில் வைத்துக் கோடு போட்டு இணைக்கலாம், தொட்டால் மூலப் பக்கத்துக்கே கூட்டிப்போகும். குறுக்கு விசாரணைக்குத் தயாராக இதைவிட நல்ல ஒன்றை நான் பார்த்ததில்லை. பேனாவைத் தனியாக வாங்க வேண்டும் என்பது முதல் குறை. 2025-இல் வந்த சாதாரண ஐபேட் இந்தியாவில் 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது, யூஎஸ்பி-சி பென்சில் இன்னொரு 7,900. அந்தப் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாக எழுதினாலும் அழுத்தி எழுதினாலும் ஒரே தடிமன்தான். குறிப்பெழுத அது போதும். கையெழுத்துக்குப் போதாது, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது குறை, பென்சிலுக்கும் சார்ஜ் வேண்டும். வாய்தா அழைக்கும் நேரத்தில் பென்சில் உயிரிழந்து கிடந்தது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

சாம்சங்கில் எஸ் பென் பெட்டியோடு வந்துவிடுகிறது. எழுதுவதற்கு அதற்குச் சார்ஜே தேவையில்லை, அழுத்தமும் தெரியும். டேப் எஸ்9 எஃப்இ, எஸ்10 எஃப்இ இரண்டும் நீரும் தூசும் புகாத ஐபி68 தரம். ஐபேடுக்கு அப்படியொரு தரச் சான்று கிடையாது. மெமரி கார்டு போடலாம், பென்டிரைவைச் செருகி கட்சிக்காரர் கொண்டுவந்த ஸ்கேனை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே வரும் சாம்சங் நோட்ஸ் ஆப்பில் பிடிஎஃப்பைத் திறந்து எழுதலாம். ஆனால் முந்நூறு பக்கக் கட்டு என்றால் அதற்கென்றே இருக்கும் பிடிஎஃப் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

இ-இங்க் கருவியை நான் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன். ராமேஸ்வரம் கோர்ட் வராந்தாவில் பகல் பதினொரு மணி வெயிலில் மற்ற திரைகளில் என் முகம்தான் தெரியும். இதில் எழுத்து அச்சடித்த தாள் போலவே நின்றது. ஒரு முறை சார்ஜ் செய்தால் நாட்கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்து கரண்ட் போய்விட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் பக்கம் மாறச் சற்று நேரம் எடுக்கும். 14-ஆம் பக்கத்துக்கும் 211-ஆம் பக்கத்துக்கும் மாறி மாறிப் பாய்கிற வேலையில் அந்தத் தாமதம் எரிச்சலாகிவிடுகிறது. நான் வைத்திருந்ததில் வண்ணமும் இல்லை, என் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறம். ரீமார்க்கபிள் 2 போன்றவற்றில் திரைக்கு விளக்கே கிடையாது, இரவுப் பஸ்ஸில் படிக்க முடியாது. தீர்ப்புகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கிறவருக்கு இது வரம். விசாரணைக் கோர்ட்டில் தினம் நிற்பவருக்கு இரண்டாவது கருவியாக இருக்கலாம்.

விண்டோஸ் டேப்லெட், சர்ஃபேஸ் போன்றது, 13 அங்குலத்தில் ஏ4-ஐ நன்றாகவே காட்டுகிறது. அதன் உண்மையான பயன், டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவும் யூஎஸ்பி டோக்கன் அதில் வேலை செய்யும் என்பதுதான். ஆனால் ஆர்ம் என்ற வகைச் சிப் போட்ட புதிய மாடல்களில் எல்லா டோக்கன் டிரைவரும் ஓடுவதில்லை, வாங்கும் முன் டோக்கனைச் செருகிப் பார்த்துவிடுங்கள். எடையும் விலையும் அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கடல் காற்றும் வெயிலும்

எந்த விமர்சனத்திலும் இது வராது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் பாம்பனில் வசிப்பதில்லை. இங்கே ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், டிவி ஆண்டெனா எல்லாவற்றையும் உப்பு தின்னும். டேப்லெட்டில் அது முதலில் தொடுவது சார்ஜ் துளையை. என் ஐபேட் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு பூத்து, ஒரு நாள் சார்ஜ் ஏறுவதே நின்றுபோனது. அன்றிலிருந்து துளைக்கு ரப்பர் மூடி போட்ட கவர் இல்லாமல் நான் எதையும் வெளியே எடுத்துப்போவதில்லை.

ஐபி68 என்றதும் கடலுக்கும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம். கடற்கரையில் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். படகில் ஏறிச் சேதத்தைப் பார்க்கப் போகிற நாளில் நான் டேப்லெட்டை எடுப்பதே இல்லை, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து ஏற்றுகிறேன். அப்படியும் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால், அந்தத் தரம் உள்ள கருவியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துளை முழுதாகக் காயும்வரை சார்ஜரைச் செருகாமல் வைக்க வேண்டும்.

ஐபேடை 35 டிகிரி வெப்பம் வரைக்கும் பயன்படுத்தலாம் என்பது ஆப்பிளின் கணக்கு. நம்மூர் சித்திரை வைகாசி அதைத் தாண்டிவிடும். வெயிலில் நின்ற காரில் வைத்துவிட்டு வந்தால், திரையில் வெப்ப எச்சரிக்கை மட்டும் தெரியும், ஆறும்வரை கட்டைத் திறக்கவே முடியாது. பன்னிரண்டு மணிக்கு வாதம் என்றால் யோசித்துப் பாருங்கள். எந்தக் கருவி வாங்கினாலும், முக்கியமான பத்துப் பக்கம் தாளில் கையில் இருக்கட்டும். சாட்சியிடம் ஆவணத்தைக் காட்டிக் கேட்கும்போது கோர்ட் கோப்பில் இருக்கிற சான்றாவணத்தைத்தான் காட்ட வேண்டும், உங்கள் திரையை அல்ல.

கையெழுத்துக்கு

பாம்பனில் ஒரு மீனவப் பாட்டி. மகனின் படகு விஷயமாக என்னிடம் வந்திருந்தார். என் ஃபீஸ் பற்றிய ஒப்புதல் கடிதம் ஒன்றில் டேப்லெட்டிலேயே கையெழுத்து வாங்கலாம் என்று நீட்டினேன். பேனாவை வாங்காமல் கேட்டார்: "வக்கீலம்மா, கண்ணாடி மேல எழுதுனா அழிஞ்சு போகாதா?" அந்தக் கேள்வி சட்டப்படியும் சரியான கேள்வி.

பேனாவால் திரையில் வரைகிற கையெழுத்து ஒரு படம். அதை அழிக்கலாம், வெட்டி இன்னொரு ஆவணத்தில் ஒட்டலாம். யார் எப்போது போட்டார் என்பது அதற்குள் இல்லை. தாளில் போட்ட கையெழுத்தில் அழுத்தம், பேனா தூக்கிய இடம், நடுக்கம் எல்லாம் இருக்கும், கையெழுத்து நிபுணர் அதை வைத்துத்தான் பேசுவார். அழுத்தம் தெரியாத பென்சிலால் வரைந்ததில் அந்த அழுத்தம் மிஞ்சாது. இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற வரை எந்தச் சிக்கலும் இல்லை. "நான் போடவில்லை" என்று ஒருவர் சொன்ன அன்றைக்குத்தான் அதன் பலம் தெரியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, மின்னணுக் கையெழுத்தை அங்கீகரிக்கிறது. ஆனால் அது சொல்கிற கையெழுத்து ஆவணத்தோடு கணித முறையில் பிணைந்தது. ஒரு எழுத்து மாறினாலும் உடைந்து காட்டிக்கொடுக்கும்.

அப்படிப்பட்டவை நம் கையில் இரண்டு. ஒன்று ஆதார் இ-சைன். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓடிபி வரும், போட்டதும் அந்த ஒரு கையெழுத்துக்காகவே ஒரு சான்றிதழ் உருவாகும், அரை மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. டேப்லெட், போன் எதிலும் முடியும், டோக்கன் வேண்டாம், வெளியூர்க் கட்சிக்காரருக்கு மிக வசதி. இங்கே தடுக்கி விழுகிற இடம் அந்த ஓடிபிதான். தங்கச்சிமடத்தில் ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே பழைய நம்பர், அந்த சிம் எங்கேயோ போய்விட்டது. நம்பர் சரியாக இருந்தாலும் ஆள் கடலில் இருப்பார். அவர் கரைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் வேலை வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது வக்காலத்து எடுக்கும் நாளிலேயே ஆதாரில் எந்த நம்பர் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறேன்.

மற்றொன்று யூஎஸ்பி டோக்கன், டிஜிட்டல் சிக்னேச்சர் என்று நாம் பொதுவாகச் சொல்வது. 2021 ஜனவரியிலிருந்து கிளாஸ் 3 என்ற வகையை மட்டும்தான் தருகிறார்கள், அதிகபட்சம் மூன்று வருடம் செல்லும். வக்கீலின் சொந்தக் கையெழுத்துக்கு இதுதான் உறுதி. ஆனால் ஐபேடில் இது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் செருக முடிந்தாலும் நம்பி இறங்குகிற நிலை இல்லை. ஆகவே டேப்லெட் வாங்கினால் பழைய விண்டோஸ் லேப்டாப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். டோக்கனை குமாஸ்தாவிடம் கொடுத்து அதன் ரகசிய பின் (PIN) நம்பரையும் சொல்லிவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அதுவும் ஒன்று.

இந்த இரண்டு வகைக் கையெழுத்தும் கோப்புக்குள் மட்டுமே உயிரோடு இருக்கும். பிரிண்ட் எடுத்தால் வெறும் பெட்டியும் பெயரும்தான். அரசு இணையதளத்திலிருந்து இறக்கிய சான்றில் "கையெழுத்து சரிபார்க்கப்படவில்லை" என்று கேள்விக்குறி வந்தால் போலி என்று பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தைச் சரிபார்த்து, அந்தச் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்த்தால் பச்சைக் குறி வரும். டேப்லெட்டில் இருக்கும் பெரும்பாலான ஆப்கள் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

இனி எதற்கு எது. இதில் தவறினால் கட்சிக்காரர் சொத்தே போகும்.

உயிலுக்கு மின்னணுக் கையெழுத்து கிடையாது. டிரஸ்ட் பத்திரத்துக்கும் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை இவற்றை வெளியே நிறுத்தியிருக்கிறது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துச் சான்றொப்பம் இட வேண்டும் என்பதும் வாரிசுரிமைச் சட்டம். பவர் பத்திரமும் புரோநோட்டும் அதே அட்டவணையில்தான். 2022 செப்டம்பரில் வந்த திருத்தம் வங்கி போன்ற, ரிசர்வ் வங்கியோ பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோ கட்டுப்படுத்துகிற நிறுவனங்களுக்குச் சாதகமாக எழுதுவதற்கு மட்டும் கதவைத் திறந்தது. மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து வாங்குகிற புரோநோட்டு அதில் வராது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் குறுக்கே மையால் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அதே திருத்தம் அசையாச் சொத்து விற்பனையை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. அதை வைத்து வீட்டிலிருந்தே கிரயம் முடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முடியாது. அந்தத் திருத்தம் பத்திரப் பதிவைத் தொடவில்லை; கிரயப் பத்திரம் பொதுவாகச் சார்பதிவாளர் முன்னால்தான், விரல் ரேகையோடுதான்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். "பவரை மெயிலில் அனுப்புங்கள், ஐபேடில் போட்டு அனுப்பிவிடுகிறேன்" என்று கேட்காத மாதம் இல்லை. அவர்களிடம் நான் பொறுமையாகச் சொல்வது ஒன்றுதான். தாளில் அச்செடுத்து, அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னால் போட்டு, கூரியரில் அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், கவரின் மேல் உள்ள தேதியைப் பத்திரமாக வையுங்கள். டேப்லெட்டில் போட்ட பவரை நம்பிக் கிரயம் எழுதினால், வாங்கியவர்தான் பிறகு அலைய வேண்டும்.

வக்காலத்தும் அபிடவிட்டும் என் அலுவலகத்தில் இன்றும் மைதான். வக்காலத்தில் வக்கீல்கள் நலநிதி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அபிடவிட் உறுதிமொழி எடுப்பவர் முன்னால் போட வேண்டியது. கைநாட்டு வைக்கிறவருக்கு, படித்துக் காட்டி விளக்கியதாகத் தமிழில் எழுதி, பெருவிரல் ரேகை எடுக்க வேண்டும். அப்புறம் ஸ்கேன் செய்து இ-ஃபைலிங்கில் ஏற்றுகிறோம். அந்த ஏற்றுகிற இடத்தில்தான் என் டோக்கன் அல்லது இ-சைன். ஃபீஸ் ஒப்புதல், ஆவணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வரைவு படித்துச் சம்மதித்ததாக ஒரு குறிப்பு போன்ற, எங்களுக்குள் இருக்கும் காகிதங்களுக்கு மட்டும் டேப்லெட் கையெழுத்தை வாங்குகிறேன். அதோடு அன்றே வாட்ஸப்பில் அவர்களுக்கு நகல் போய்விடும். அந்தப் பாட்டியிடம் அன்றைக்குத் தாளில்தான் வாங்கினேன்.

குறிப்பும் கையெழுத்தும் மோதும் இடங்கள்

ஒரு தப்பு செய்தேன், மறைக்காமல் சொல்கிறேன். எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் நகலில் கட்சிக்காரரின் ஆதார் எண்ணை மறைக்க, டேப்லெட்டில் கறுப்புப் பேனாவால் தடித்த கோடு போட்டேன். பார்க்க மறைந்திருந்தது. அங்கே அதைத் திறந்த வக்கீல் கோட்டைத் தொட்டு நகர்த்தியதும் எண் முழுதாக இருந்தது. நல்ல மனிதர், போன் செய்து சொன்னார். பேனாக் கோடு பக்கத்தின் மேல் மிதக்கும் ஒரு தனி அடுக்கு, அடியில் உள்ள எழுத்தை அது தொடுவதே இல்லை. ரெடாக்ட் என்று தனியாக உள்ள வசதியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது அச்செடுத்து மையால் அடித்துத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். அதே காரணத்தால்தான் ஓரத்தில் எழுதிய சொந்தக் குறிப்புகளும் கோப்போடு போய்விடும். நான் குறிப்பெழுதும் நகலின் பெயர் எப்போதும் "என்" என்று தொடங்கும். அந்தப் பெயரில் உள்ள எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

இன்னொன்று வரிசை. முதலில் குறிப்பு, அப்புறம் அதைப் பக்கத்தோடு ஒன்றாக உருக்கும் ஃப்ளாட்டன், கடைசியில் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்தான கோப்பில் ஒரு சிறு கோடு போட்டாலும், பிறகு ஆவணம் மாற்றப்பட்டது என்று அது சொல்லிவிடும்.

மின்னணுச் சாட்சியத்தில் இது இன்னும் கடுமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றின் இடத்தில், ஹாஷ் மதிப்போடு ஒரு படிவம் கேட்கிறது. ஒரு பகுதியைத் தரப்பினரும் மறு பகுதியை நிபுணரும் தர வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் விரல் ரேகை. கட்சிக்காரர் அனுப்பிய ரசீது பிடிஎஃப்பில் நீங்கள் மஞ்சள் கோடு ஒன்று போட்டுச் சேமித்தால் அந்த ரேகை மாறிவிடும். மூலக் கோப்பைப் பென்டிரைவில் தனியாகப் பூட்டிவைத்து, நகலில் மட்டும் எழுதுங்கள்.

ஜூனியருக்கு நான் சொன்னது

அவருக்குச் சொன்ன பதில் இது: எஸ் பென் பெட்டியிலேயே வரும், ஐபி68 உள்ள சாம்சங், எஃப்இ வரிசையில். பக்கம் எழுபது சதவீத அளவில்தான் தெரியும் என்றாலும் அவருக்கு இருபத்தாறு வயது, கண் நன்றாக இருக்கிறது. மீதிப் பணத்தில் டோக்கன் எடுக்கட்டும், அலுவலகத்தின் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அடுத்து வாங்கினால் 13 அங்குல ஐபேட் ஏர், காரணம் என் கண்ணும் பத்திர எழுத்தரின் கையெழுத்தும்தான். வெப்பத்துக்கும் உப்புக்கும் அது இளைத்தது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மதுரைக் கிளையில் மேல்முறையீடு மட்டுமே பார்க்கும் நண்பருக்கு இ-இங்க் போதும் என்று சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் மூன்று கோப்பு போட்டுக் கொடுத்தேன்: அந்தத் தென்னந்தோப்புப் பத்திரத்தின் ஸ்கேன், வானவில்லில் அடித்த ஒரு பிராது, முந்நூறு பக்கம் தாண்டிய ஒரு கட்டு. மூன்றையும் கடையிலேயே திறந்து, பத்திரத்தில் "சமுத்திரக்கரை" என்ற சொல்லைப் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும் முன் மூன்றையும் அந்தக் கருவியிலிருந்து அழித்துவிடவும் சொன்னேன்.